பிடுங்காத ஆண் செடிகள்

பல்லேகலை சிறைச்சாலை
12 ஜனவரி 2026

அஷ்பாக்,

பெயருக்குப் பின்னால் "நானா" என்று அண்ணன் முறை வைத்து எழுதக் கை வரவில்லை. "நீங்கள்" என்றும் வரவில்லை. ஆமியில் சேர்ந்த காலம் தொட்டு அப்படித்தான் கூப்பிட்டு வந்தேன். கூப்பிட்டது போதும்.

நான் உள்ளே வந்து ஒரு மாதம் கழிந்துவிட்டது. நீ ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. ஏன் என்று சுகிர்தா கேட்கிறாள். கட்டியவளுக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் கையில்தான் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் திறந்து படிப்பார்கள்.

அன்று விடிந்தும் விடியாத நேரம் பொலிஸ்காரர்கள் மடுல்கெல்ல மேல்மலைக்கு வந்தார்கள். நம்முடைய கஞ்சாத் தோட்டத்தைச் சுற்றி நானும் நீயும் கட்டிய கயிற்றில் எத்தனை மீன் டின் தொங்கியது என்று உனக்குத் தெரியும். ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. குனிய வேண்டிய இடத்தில் குனிந்து, தாண்ட வேண்டிய இடத்தில் தாண்டி, சொந்த வீட்டுக்குள் வருவது போல வந்தார்கள். நான் இடது காலைக் கழற்றி வைத்துவிட்டுத் துண்டான இடத்துக்கு நம்முடைய கஞ்சா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலை மாட்டுவதற்குள் கையில் விலங்கை மாட்டிவிட்டார்கள்.

செடிகளை வேரோடு பிடுங்கினார்கள். விதைப் போத்தலைக் கொட்டி எரித்தார்கள். காட்டோரத்தில் தானாக முளைத்துக் கிடந்த இனம் அது. நம்முடைய மழைக்கும் பனிக்கும் அழுகாத செடியாகப் பார்த்துப் பார்த்து, வருடம் வருடமாக விதை பிரித்தோம். யாருக்காகச் செய்தோம்? கையும் காலும் இழந்த பழைய ஆமிக்காரர்களுக்கு. படுத்தால் தூக்கம் வராதவர்களுக்கு. உன் காதுக்குள் இன்னும் ஷெல் விழுகிறதே, அதற்கும்தான்.

அந்தக் கயிற்றுக் கணக்குத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் இங்கே சீமெந்துத் தரையில் கிடக்கிறான். மற்றவன் மடவளையில் நிம்மதியாக இருக்கிறான்.

வெளியே வந்த அன்று வீட்டுக்குப் போகமாட்டேன். நேராக உன் வாசலுக்குத்தான் வருவேன். அபீபா மதினியை உள்ளே போகச் சொல்லிவிட்டு வெளியே வா.

அழகமுத்து


மடவளை
23 ஜனவரி 2026

முத்து,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ எழுதிய கடிதத்துக்கு ஸலாம் சொல்லவே தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன், என்னை வளர்த்தவர்கள் அப்படி வளர்த்துவிட்டார்கள்.

உன்னைப் பிடித்த அன்று நான் பேராதனை ஆஸ்பத்திரியில் இருந்தேன். அபீபாவுக்குக் கிட்னி வருத்தம் முற்றி வார்டில் போட்டிருந்தார்கள். சப்பாத்தைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டு நடைபாதையில் கிடந்தேன். நம்பாவிட்டால் போ. உன்னைப் பார்க்க வராததற்குக் காரணம் துரோகம் இல்லை, பயம். அந்தத் தோட்டத்தில் பாதி என்னுடையது. சிறை வாசலில் அடையாள அட்டையை நீட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. கோழை என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். காட்டிக் கொடுத்தவன் என்று இன்னொரு தடவை எழுதினால் உன் மற்றக் காலையும் நானே முறிப்பேன்.

இரண்டு பேருக்குத்தான் கணக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறாயே, மடையா, அந்தக் கயிறு கட்டும் முறையை நமக்குப் பழக்கியவர் யார்? மன்னார்ப் பக்கம் பங்கரில் இருந்தபோது பக்கத்தில் குந்திக்கொண்டு, முடிச்சு முடிச்சாகக் காட்டித் தந்தவர் யார்? கொஸ்வத்த சேர். அப்போது கப்டன், பிறகு மேஜர். நமக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது முத்து. ஆள் எண்ணும்போது ஒபிசரை எண்ணுவதே இல்லை.

இனிச் சொல்லப்போவதைக் கோபப்படாமல் படி. நான் இப்போது அவரிடம்தான் வேலை செய்கிறேன். பென்ஷன் எடுத்த பிறகு அவர் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றோடு சேர்ந்து ஹந்தானைக்குப் பின்பக்கம் ஒரு கைவிட்ட தேயிலைக் காணியில் கஞ்சா போட்டிருக்கிறார். மருந்துக்கு ஏற்றுமதி செய்ய அரசாங்க அனுமதி இருக்கிறது. சுற்றி மின்வேலி. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். கம்பனி கொண்டுவந்த வெளிநாட்டு விதையை மட்டுமே போட வேண்டும் என்பதுதான் அனுமதி. வேறு விதை போட்டால் எல்லாம் ரத்தாகும்.

போன வெள்ளி உன் கடிதத்தைப் படித்தேன். மறுநாள் வேலைக்குப் போனதும் ஒரு இலையைக் கசக்கி மோந்து பார்த்தேன். மாங்காய்ப் பாலும் நனைந்த மிளகும் சேர்ந்த வாசம். தண்டை நகத்தால் கீறினேன், சிவப்பு. வெளிநாட்டுப் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே நம்முடைய செடி நிற்கிறது முத்து. அந்தக் காணி முழுக்க நம்முடையதுதான். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் எப்படிப் போனது? நான் கொடுக்கவில்லை. நீ கொடுத்தாயா?

அஷ்பாக்


பல்லேகலை
2 பெப்ரவரி 2026

நானா,

முதல் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது, சுகிர்தாவிடம் கேட்டால் சொல்வாள். மதினிக்கு இப்போது எப்படி இருக்கிறது?

நான்தான் கொடுத்தேன்.

நவம்பர் மழை முடிந்து பத்து நாள் இருக்கும். மண் சரிந்து ரோட்டு மூடிக் கிடந்தது. அந்த மனிதர் கீழே ஜீப்பை விட்டுவிட்டு நடந்தே எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். பிளேன்டீ குடித்தார். "மல்லி, கழுத்து வருத்தம் கூட. கொஞ்சம் விதை தாங்க, வீட்டுல ரெண்டு செடி வைக்க" என்று, தம்பிக்கு மல்லி போட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். அவர் கழுத்தில் இன்னும் இரும்புத் துண்டு இருக்கிறது என்று நமக்குத் தெரியுமே. பாதிப் போத்தலை அள்ளிக் கொடுத்தேன். ஒபிசர் கேட்டால் எதற்கு என்று கேட்காத வாய் இது.

அதோடு விட்டேனா? தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றார், கூட்டிக்கொண்டு போனேன். கயிற்றைக் கண்டதும் சிரித்தார். "நான் சொல்லிக் குடுத்தது மறக்க இல்லை" என்று என் முதுகில் தட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது நானா. அந்த வாரமே பொலிஸ் வந்தது. அப்படியிருந்தும் என் புத்தி அவரிடம் போகாமல் உங்களிடம் வந்து நின்றது.

இப்போது எல்லாம் விளங்குகிறது. அவருடைய வெளிநாட்டுக் கன்றுகள் அந்த மழையில் அழுகிப் போயிருக்கும். கம்பனிக்குத் தெரியாமல் நம்முடையதைப் போட்டிருக்கிறார். அதே செடி மடுல்கெல்லயிலும் நின்றால் என்றைக்காவது யாராவது ஒத்துப் பார்ப்பார்கள். அதனால் செடியையும் என்னையும் ஒரே நாளில் அப்புறப்படுத்திவிட்டார்.

நானா, ஆண் செடி பிடுங்கும் வேலை அங்கே யாருடையது? மொட்டு வைக்கும்போதே ஆணா பெண்ணா என்று சொல்லும் கண் உங்களுக்குத்தான் உண்டு. அந்த வேலையை உங்களுக்குத்தான் கொடுத்திருப்பார். கம்பனிக்கு வேண்டியது விதையில்லாத பூ. காற்று வரும் பக்கமாக, அங்கொன்று இங்கொன்றாக ஆறு ஆண் செடிகளை விட்டுவிடுங்கள். மகரந்தம் பறந்தால் போதும், ஒவ்வொரு பூவிலும் விதை கட்டும். ஒரு கிலோகூடக் கப்பலேறாது.

அவர் வந்து பார்க்கமாட்டார். காலையில் சலூட் அடித்து "கிளியர் சேர்" என்று சொல்லுங்கள். கீழே இருப்பவன் கிளியர் என்றால் அவருக்கு அது கிளியர்தான். வன்னியில் அந்த வரப்பையும் அப்படித்தான் மிதிவெடி இல்லை, கிளியர் என்று வயர்லெஸ்ஸில் சொன்னார். ஆள் விட்டுப் பார்க்காமல் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி நடந்தவன் நான். என் கால் அங்கேதான் கிடக்கிறது. அதற்கு ஒருநாள்கூட வருத்தம் சொன்னதில்லை அவர், நானும் கேட்டதில்லை.

காலை விட்டுவிட்டேன். விதையை விடமாட்டேன்.

அழகமுத்து


மடவளை
13 பெப்ரவரி 2026

முத்து,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். ஒவ்வொரு தடவையும் "சரி, செய்வோம்" என்று எழும்பினேன், பிறகு உட்கார்ந்தேன்.

வேலை என்னுடையதுதான், சரியாகச் சொன்னாய். ஆனால் நேற்று மேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் உட்காரச் சொன்னார். இத்தனை காலத்தில் முதல் தடவை. மார்ச் பன்னிரண்டாம் திகதி உன் வழக்கு வருகிறதாம். தானே நீதவானுக்கு முன்னால் போய் உனக்காகப் பேசப் போகிறாராம். போரில் காலை இழந்தவன், வலிக்காக வளர்த்தான், வியாபாரம் செய்யவில்லை என்று சொல்வாராம். "அவனுக்குச் சொல்லுங்க அஷ்பாக், விதை எங்க இருந்து வந்த, எங்க போன எண்டெல்லாம் கோட்டில கதைக்க வேணாம்" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

இது உன் வாயை அடைக்கும் பேச்சு என்று எனக்கும் விளங்குகிறது. ஆனால் முத்து, அவர் பேசினால் நீ வெளியே வருவாய். பேசாவிட்டால் எத்தனை வருடமோ யார் கண்டது? ஆண் செடிகள் இந்த மாதக் கடைசியில் வெடிக்கும். உன் வழக்கு அதற்குப் பிறகு. இடையில் யாராவது ஒரு பூவைப் பிதுக்கிப் பார்த்தால் அவர் உன்னையும் கைவிடுவார், என்னையும் விரட்டுவார். அபீபாவை வாரம் இரண்டு தடவை கிளினிக்குக் கொண்டுபோவது மேஜர் தரும் தோட்டத்து வேனில்தான். அவளுக்கு பஸ்ஸில் நின்று வர உடம்பில் சத்து இல்லை.

அடுத்த போகம் வரும். நீ வெளியே வா. இரண்டு பேருமாகச் சேர்ந்து அவர் குடலை உருவுவோம். இப்போதைக்கு ஆண் செடியைப் பிடுங்க விடு.

அஷ்பாக்


பல்லேகலை
16 பெப்ரவரி 2026

லான்ஸ் கோப்ரல் அஷ்பாக்,

வயதில் நீங்கள் மூத்தவர், பதவிப் பட்டியில் நான் மூத்தவன். இன்றைக்குக் கோப்ரல் அழகமுத்து எழுதுகிறேன்.

அடுத்த போகத்துக்குக் கம்பனி தன் ஆட்களைக் கொண்டுவரும். நம்முடைய செடிக்கு அவர்கள் பெயர் நிரந்தரமாகிவிடும். பிறகு நான் வெளியே வந்து என்ன செய்ய? அந்தக் காணி வேலிக்கு வெளியே நின்று வாசம் பிடிக்கவா?

என்னை வெளியே எடுப்பதற்காக அவர் பேசவில்லை. திருடனே பறிகொடுத்தவனுக்கு வக்காலத்து வாங்குகிறான். அந்த வாயால் வரும் விடுதலை எனக்கு வேண்டாம். இங்கே அந்த எண்ணெய் கிடைக்காமல், இல்லாத கால் எரிகிறது நானா. இல்லாத பெருவிரலை யாரோ குறட்டால் திருகுவது போல இருக்கிறது. பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். அப்போதெல்லாம் அவர் முகத்தைத்தான் நினைக்கிறேன். அது வலிக்குக் கொஞ்சம் மருந்தாக இருக்கிறது.

மதினியின் கிளினிக்குக்குச் சுகிர்தா போவாள். கொழுந்து எடுக்கும் வேலையை விட்டுவிட்டாவது போவாள், சொல்லிவிட்டேன். "அந்தாளு வேன்ல ஏறி வாறதுக்கு, நான் மதினியத் தூக்கிகிட்டே வருவேன்" என்கிறாள்.

ஆறு செடி. இது உத்தரவு.

கோப்ரல் அழகமுத்து


மடவளை
27 பெப்ரவரி 2026

முத்து,

செய்துவிட்டேன்.

ஆறு என்று சொன்னாய், நான் ஒன்பது விட்டேன். எப்படியும் செய்வது என்று ஆனபின் என்ன கஞ்சத்தனம்? மேல் ஓரத்தில் மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. புதன்கிழமை வெயில் ஏறியபோது ஒன்றைத் தற்செயலாக உரசினேன். மஞ்சள் தூள் புகை மாதிரி எழும்பி, சரிவில் இறங்கிப் போனது. கீழே பெண் செடிகள் வரிசையாக நிற்கின்றன, பரேட்டுக்கு நிற்பது போல. சுப்ஹானல்லாஹ் என்று வாயில் வந்துவிட்டது. பிறகு, இதற்குப் போய் அல்லாஹ்வைப் புகழலாமா என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

கஷ்டம் வேறு இடத்தில். நோன்பு தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் நோன்பு வைத்த வாயால் "கிளியர் சேர்" என்று சலூட் அடிக்கிறேன். அவர் கண்ணை உயர்த்திக்கூடப் பார்ப்பதில்லை. நீ சொன்னது போலவே. அதுவும் போதாதென்று நோன்பு திறக்க எனக்குப் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார். அதைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. கேட்டில் நிற்கும் காவல்காரனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அபீபாவிடம் மறைக்க முடியவில்லை, சொன்னேன். "நோன்பு புடிச்சிட்டா பொய் செல்லுறீங்க?" என்று அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மனுசன் முத்துத் தம்பிக்குச் செஞ்சது மட்டும் சரியா ஈக்கா?" என்று அவளே கேட்டாள். அவள் சுகிர்தாவோடு இரண்டு தடவை கிளினிக்குப் போய் வந்தாள்.

உண்மையைச் சொல்கிறேன் முத்து. முதல் நாள் சலூட் அடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். இப்போது முகத்தைப் பார்த்தே சொல்கிறேன். காலையில் எழும்பும்போதே அந்தச் சொல்லைச் சொல்லப் போகிறேன் என்று மனம் துள்ளுகிறது. இது நல்லதற்கில்லை.

அஷ்பாக்


மடுல்கெல்ல
14 மார்ச் 2026

நானா,

நான் வெளியே வந்துவிட்டேன். நேற்று முன்தினம் வந்தேன். உங்கள் போன் அந்த கேட்டில் கிடப்பதால் எழுதுகிறேன். சுகிர்தா மடவளைக்குக் கொண்டுவருவாள்.

அவர் வந்தார். ரெஜிமெண்ட் டை கட்டிக்கொண்டு வந்தார். நீதவானுக்கு முன்னால் என் காலைக் காட்டி, "இந்த மனிதனுடைய இடது கால் இந்த நாட்டுக்காகப் போனது" என்று சிங்களத்தில் சொன்னார். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை நானா, அவர் அதை நம்புகிறார். கோட்டில் இருந்த எல்லாருக்கும் கண் கலங்கியது. சிறைத் தண்டனையை ஒத்திவைத்தார்கள். இனி ஒரு சின்னக் குற்றம் செய்தாலும் பழையதையும் சேர்த்து அனுபவிக்க வேண்டும்.

வாசலில் வந்து தோளில் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். என் வாய் "ஸ்தூதி சேர்" என்றது. நன்றி சொல்லிவிட்டேன் நானா! சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் என்னையே காறித் துப்பிக்கொண்டு வந்தேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், திட்டாதீர்கள். வீட்டில் சுகிர்தா சோறு போட்டாள், சுடச்சுட. சாப்பிடும்போது ஒரு நிமிடம், அந்த ஒன்பதையும் பிடுங்கச் சொல்லி எழுதலாமா என்று நினைத்தேன். பிடுங்கி இனிப் பயனில்லை, தூள் பறந்துவிட்டது. அது நல்லதாகப் போயிற்று. பயன் இருந்தால் எழுதியிருப்பேனோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் உடனே அங்கிருந்து கிளம்புங்கள். கம்பனிக்காரர் பார்க்க வருவதற்குள் மதினிக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வேலை முடிந்தது. இனி அங்கே நிற்பது வீண்.

முத்து


பல்லேகலை சிறைச்சாலை, விளக்கமறியல்
3 ஏப்ரல் 2026

முத்து,

உன் கடிதம் நேரத்துக்கே கிடைத்தது. ஓடியிருக்கலாம். நான் ஓடவில்லை.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நின்றேன். செய்துவிட்டுப் பார்க்காமல் போவது எப்படி? இந்த ருசியை எனக்கு ஊட்டியவன் நீ. வேண்டாம், பிறகு பார்ப்போம் என்றுதானே நான் எழுதினேன்?

பார்த்தேன். பெருநாள் கழிந்து கம்பனிக்காரி ஒருத்தி வந்தாள். ஒரு பூவை ஒடித்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். விதை பொலபொலவென்று கொட்டியது. அடுத்த செடி, அதற்கடுத்த செடி. அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் வாகனத்தில் ஏறினாள். மேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை. அந்த ஒரு பார்வைக்கு வாழ்நாளில் பாதியைக் கொடுப்பேன் என்று அப்போது தோன்றியது. அடுத்த நிமிடம் கன்னத்தில் அறைந்தார். நோன்பில்லாத வாயால் நான் சிரித்தேன்.

இப்போது சிரிப்பு வரவில்லை. வேண்டுமென்றே பயிரை அழித்தேன், விதை திருடினேன் என்று முறைப்பாடு கொடுத்திருக்கிறார். வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை, தவறிப்போனது என்று நான் சொன்னேன். அது பொய் என்று காட்ட அவருக்கு ஒரு சாட்சி வேண்டும். இவன் கண்ணுக்கு ஆண் செடி தப்பாது என்று சத்தியம் செய்ய, இந்தச் செடியும் என் கண்ணும் தெரிந்த ஒருவன் வேண்டும். அந்த ஒருவன் நீதான் என்று பொலிஸில் என் முகத்துக்கு முன்னாலேயே சொன்னார். "அழகமுத்து வருவான். அவன் எனக்குக் கடமைப்பட்டவன்" என்றார்.

வருவாயா?

நீ வீட்டில் சுடச்சுடச் சாப்பிடுகிறாய். உன் தலைக்கு மேல் ஒத்திவைத்த தண்டனை தொங்குகிறது. அதை ஆட்டிக் காட்டுவார், நீ மறுபடியும் ஸ்தூதி சேர் என்பாய். உன்னைத் தெரியாதா எனக்கு? உத்தரவு என்று எழுதினாய். உத்தரவு போட்டவர்கள் ஒருநாளும் வரப்பில் நடந்ததில்லை முத்து, எங்கேயும் நடந்ததில்லை.

அவர் பக்கம் நின்று ஒரு சொல் சொன்னாயானால், நான் மௌத்தான பிறகும் என் ஜனாஸாவைத் தூக்க நீ வரக்கூடாது. அபீபாவிடம் சொல்லி வைத்துவிட்டேன்.

அஷ்பாக்


மடுல்கெல்ல
20 ஏப்ரல் 2026

நானா,

இதை மதினி கொண்டுவருவாள். சுகிர்தாவும் கூட வருவாள், படியேறும்போது பிடித்துக்கொள்ள.

அவர் வந்தார். புதுவருடத்துக்குக் கொக்கிஸும் பலகாரமும் கொண்டுவந்தார். ஆள் பாதியாகிவிட்டார். கம்பனி கைவிடப் பார்க்கிறதாம், காணியை அடகு வைத்திருக்கிறாராம். இது வேலைக்காரன் செய்த சதி என்று கோட்டு ஒப்புக்கொண்டால் இன்னொரு போகத்துக்கு அனுமதி நீடிக்கும். அதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டும். "மல்லி, நான் உங்களுக்குக் கதைச்ச. இப்ப நீங்க எனக்குக் கதைக்க வேணும்" என்றார். மறுத்தால் என்னவாகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கியது.

சரி சேர் என்றேன். கோபப்படாதீர்கள், முழுவதும் படியுங்கள்.

நாளை மறுநாள் அவருடைய ஜீப்பிலேயே கோட்டுக்கு வருகிறேன். சாட்சிக் கூட்டில் ஏறிச் சத்தியம் செய்ததும் அவர் கேட்ட சாட்சியை அப்படியே சொல்வேன். அஷ்பாக்கின் கண்ணுக்கு ஆண் செடி தப்பாது என்று சொல்வேன். வேண்டுமென்றேதான் விட்டார் என்றும் சொல்வேன். மேஜருக்கு அந்த இடத்தில் மனம் குளிரும். குளிரட்டும், கொஞ்ச நேரம் குளிரட்டும்.

பிறகு சொல்வேன், விடச் சொன்னவன் நான், சிறைக்குள் இருந்து எழுத்தில் உத்தரவு போட்டேன், லான்ஸ் கோப்ரல் அதன்படி நடந்தார் என்று. ஏன் போட்டாய் என்று கேட்பார்கள். கேட்க வேண்டும் என்றுதானே சொல்கிறேன்? அந்தக் காணியில் நிற்பது வெளிநாட்டுச் செடி இல்லை, மடுல்கெல்லக் காட்டுச் செடி, டிசம்பரில் என் கையால் கொடுத்த விதை என்று சொல்வேன். நம்பாவிட்டால் தண்டைக் கீறிப் பாருங்கள், ஆய்வுக்கு அனுப்புங்கள், அன்று பிடுங்கியதில் கொஞ்சம் பொலிஸில் வழக்குப் பொருளாகக் கட்டி வைத்திருக்கிறார்கள், பக்கத்தில் வைத்து ஒத்துப் பாருங்கள் என்று சொல்வேன். கம்பனியின் வக்கீலும் அங்கே இருப்பார். தமிழில் சொன்னால் மொழிபெயர்க்க ஆள் தேடுவார்கள், நேரம் போகும். சிங்களத்தில் சொல்வேன். ஒரு சொல்லும் அவருக்குத் தப்பக்கூடாது.

உங்களுக்கு இதனால் விடுதலை கிடைக்குமா என்று தெரியாது. நான் மறுபடியும் உள்ளே வருவேன், அது நிச்சயம். அவர் முடிந்தார், அதுவும் நிச்சயம். சுகிர்தாவிடம் சொன்னேன். "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிறேன்" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

உத்தரவு போட்டவர்கள் நடந்ததில்லை என்று எழுதினீர்கள். அந்த வரி மட்டும் இரண்டு வாரமாக என்னைச் சாப்பிட விடவில்லை. இதோ நடக்கிறேன், ஒரு காலோடு.

ஜீப் ஏழு மணிக்கு வரும். வெள்ளைச் சட்டை போட்டு, ஆமி கொடுத்த பதக்கத்தையும் நெஞ்சில் குத்திக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். பதக்கம் குத்தியவன் பேச்சை நீதவான் நம்புவாராம்.

குத்திக்கொண்டுதான் வருகிறேன்.

அழகமுத்து